பிரம்பும் காரணமும்: தமிழ் வகுப்பறையில் ஒழுங்கீனம் நோக்கப்பட்ட வரலாறு

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளில் எத்தலைப்பில் உரை நிகழ்ந்தாலும், கலந்துரையாடல் நேரத்தின் இறுதியில் எழும் வினா பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சொன்னால் கேளாத மாணவனை என்ன செய்வது என்பதே அவ்வினா. மாணவனை என்ன செய்வது என்று கேட்கும் ஆசிரியர்களுள், அவன் ஏன் கேட்கவில்லை என்று உடன் வினவுவோர் மிகச் சிலரே. இது தனிப்பட்ட ஆசிரியர்களின் குறையன்று. நெடுங்காலமாக நம் வகுப்பறைகளில் தண்டனைக்கு ஒரு மரபு இருந்து வந்துள்ளது. காரணம் தேடுவதற்கும் ஒரு மரபு இருந்தது. முன்னது நடைமுறையில் வேரூன்றியது. பின்னது ஏட்டில் தங்கியது. இவ்விரண்டும் பிரிந்து நின்ற வரலாற்றைத் தமிழகத்துத் திண்ணைப் பள்ளியிலிருந்து மலாயாத் தோட்டப்பள்ளி வரையிலும், அதன் பின்னரும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலின் இரு பட்டியல்கள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகைப்படுத்துவது தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன போன்றோர் கடைமாணாக்கர். ஆடு ஒரு செடியில் நில்லாது பல செடிகளைக் கடித்துத் திரியும். எருமை குளத்து நீரைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். இன்றைய ஆசிரியர் அறைகளில் மாணவரைப் பற்றிப் பேசப்படும் பேச்சைக் கூர்ந்து கேட்டால், ஆடும் எருமையும் வேறு பெயர்களில் நடமாடுவதை உணரலாம். இவ்வகைப்பாட்டில் குறை மாணவனின் இயல்பிலேயே வைக்கப்படுகிறது. இயல்பு மாறாதது எனக் கொண்டால் காரணம் தேட வேண்டிய தேவை எழுவதில்லை.

ஆயினும் அதே பொதுப்பாயிரம் இன்னொரு பட்டியலையும் தருகிறது. ஆசிரியராகத் தகாதவர்க்கு அது நான்கு உவமைகளைக் கூறுகிறது. கழற்காய் இட்ட குடம், இட்ட முறையில் அல்லாமல் தாறுமாறாகக் கொட்டும். மடல் நிறைந்த பனை, தன் கருக்கால் எவரையும் அணுகவிடாது. பருத்தி அடைத்த குடுக்கையில் அடைப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். வளைந்த தென்னை, வளர்த்தவன் இருக்க அயலான் தோட்டத்தில் காயை உதிர்க்கும். பாடத்தை முறைப்படுத்தத் தெரியாமை, அணுக முடியாத கடுமை, எடுத்துரைக்கும் ஆற்றலின்மை, தன் மாணவரைப் புறக்கணித்தல் என இந்நான்கையும் இன்றைய மொழியில் பெயர்த்துக் கொள்ளலாம். கற்பிக்கும் முறையைக் கூறுமிடத்தில் விரைவும் சினமும் கூடாதென்றும், பெறுபவன் எவ்வளவு பெற வல்லான் என்பதை அறிந்து அவன் உள்ளம் ஏற்கும்படி கொடுக்க வேண்டுமென்றும் நன்னூல் வரையறுக்கிறது.

முதற்பட்டியலை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். இரண்டாம் பட்டியலைத் தேர்வுக்குப் படித்ததோடு விட்டுவிட்டோம். எருமை குளத்தைக் கலக்குவது அதன் இயல்பால்தானா, குளத்தில் நீர் வற்றிப்போனதாலா என்னும் ஐயத்திற்கு இரண்டாம் பட்டியல் இடம் தருகிறது. நன்னூலை வைத்து மாணவரை மட்டும் தரம் பிரிப்பவர் அந்நூலைப் பாதியளவே படித்தவர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

திண்ணையும் கோதண்டமும்

திண்ணைப் பள்ளிகளில் நிலவிய தண்டனைகள் குறித்து நமக்குக் கிடைக்கும் பழைய ஆவணங்களுள் ஒன்று 1823ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் உள்நாட்டுக் கல்வி நிலையைக் கணக்கெடுக்கப் பணித்தார். பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்பல் அனுப்பிய அறிக்கை அவற்றுள் புகழ்பெற்றது. அம்மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணவரும் இருந்ததாக அவர் பதிவு செய்தார். தெலுங்கும் கன்னடமும் மேலோங்கிய அம்மாவட்டத்தில் தமிழ்ப்பள்ளிகள் நான்கே இருந்தன. ஆயினும் அவர் விவரிக்கும் வழக்கங்கள் தமிழகத் திண்ணைப் பள்ளிகளுக்கும் பெரிதும் பொருந்துவன.

காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அவ்வாறே வரிசை நீள நீள அடியும் கூடும். சோம்பும் மாணவன் பிரம்படி பெறுவதோடு, இரு கைகளும் கட்டப்பட்டுக் கூரையிலிருந்து கப்பி வழியே தொங்கவிடப்படுவதும் உண்டு. அல்லது ஓயாது உட்கார்ந்து எழ வேண்டும். தொங்கவிடும் தண்டனைக்குத் தமிழில் கோதண்டம் என்று பெயர். இராமபிரானின் வில்லுக்குரிய பெயர் பள்ளிச் சிறுவனைத் தொங்கவிடும் கயிற்றுக்கும் வந்து சேர்ந்தது சொல்வரலாற்றில் வியப்புக்குரியதே.

இவ்வழக்கத்தில் ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. பத்தாவதாக வந்தவன் காலம் தாழ்த்தி வந்தான் என்பது பொருளன்று. அவனுக்கு முன் ஒன்பது பேர் வந்துவிட்டனர் என்பதே பொருள். எல்லோரும் விடியற்காலையிலேயே வந்தாலும் ஒருவன் கடைசியாகத்தான் இருப்பான். அவனே மிகுதியாக அடிபடுவான். தண்டனை இங்கே பிழையின் அளவைப் பொறுத்ததன்று, வரிசையில் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. வீடு தொலைவில் உள்ளவனும், தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு வருபவனும், உறங்கிக் கிடந்தவனும் இவ்வரிசையில் வேறுபாடற்றவர்கள். காரணத்தை முற்றிலும் நீக்கிவிட்ட தண்டனைமுறைக்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

இதற்குச் சமூகத்தின் இசைவும் இருந்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் தந்தை, கண்ணிரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் கூறிய வழக்கு அண்மைக் காலம் வரை மலேசியத் தோட்டங்களிலும் ஒலித்ததே. அக்கூற்றைக் கொடுமை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. எழுத்தறியாத தந்தை, தான் அறியாத ஓர் உலகத்திற்குப் பிள்ளையை ஒப்படைக்கும்போது தன்னிடமிருந்த ஒரே உரிமையையும் சேர்த்து ஒப்படைத்தான். அந்நம்பிக்கைக்கு ஆசிரியர் உலகம் எத்தகைய கைம்மாறு செய்தது என்பது வேறு கேள்வி.

திண்ணை மரபின் முழுமையும் இதுவன்று என்பதையும் கூறுதல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் தம் திண்ணைப் பள்ளி நாள்களையும், 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற நாள்களையும் 'என் சரித்திரம்' நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். சட்டாம்பிள்ளையும் பிரம்பும் ஆண்ட திண்ணைக்கும், மாணவரைத் தம்முடன் வைத்துப் பேணிய புலவரின் பாடம் கேட்கும் அவைக்கும் இடையே இருந்த தொலைவை அந்நூல் நன்கு காட்டும். ஒரே காலத்தில், ஒரே மண்ணில், இரு வகை உறவுகள் நிலவின. ஆயினும் எண்ணிக்கையில் பெரும்பாலான பிள்ளைகள் கண்டது முன்னதையே.

எழும்பூரில் ஒரு சோதனை

தண்டனையைக் குறைத்து ஒழுங்கைக் கூட்டலாம் என்னும் எண்ணத்தை மேனாட்டு உளவியல் வழங்கிய கொடை என்று கருதுவோர் உளர். அதன் தொடக்கங்களுள் ஒன்று சென்னையிலேயே நிகழ்ந்தது. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த விடுதியை 1789 முதல் மேற்பார்த்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துக் கீழ்வகுப்பிற்குக் கற்பிக்கச் செய்தார். அச்சிறுவன் ஆசிரியர்கள் இயலாதென்று கைவிட்டதைச் செய்து முடித்தான். மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறை 1797இல் பெல் வெளியிட்ட நூலின் வழியே இங்கிலாந்து சென்று, மதராஸ் முறை என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது.

இவ்வரலாற்றை நாம் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அம்முறையில் ஒழுங்கு எவ்வாறு பேணப்பட்டது என்பதைப் பெரும்பாலும் எடுத்துரைப்பதில்லை. பிள்ளைகள் வேலையின்றி இருக்கும் நேரமே குறும்பின் விளைநிலம் என்பது பெல் கண்ட உண்மை. ஒவ்வொருவனுக்கும் இடையறாத பணி இருக்குமாறு வகுப்பை அமைத்தால் தண்டிக்க வேண்டிய நிலை அரிதாகும் என்று அவர் கருதினார். பிழைகள் கரும்புத்தகம் ஒன்றில் எழுதப்பட்டன. வாரத்திற்கொரு முறை அவை வாசிக்கப்பட்டு, உடன் பயிலும் மாணவரே நடுவராக அமர்ந்து முடிவு கூறினர். சினத்தோடு அப்போதைக்கப்போது அடிக்கும் வழக்கத்திற்கு மாறாக, நிகழ்ச்சிக்கும் தீர்ப்புக்கும் இடையே சில நாள்கள் இருந்தன. அவ்விடைவெளிதான் இம்முறையின் சிறப்பு எனலாம்.

இம்முறையையே இங்கிலாந்தில் வேறொரு வடிவில் நடத்திய ஜோசப் லங்காஸ்டர், பிரம்பை வெறுத்தவர். ஆயினும் குற்றம் செய்த சிறுவனின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டார். கூடையில் வைத்துக் கூரையில் ஏற்றினார். உடலை விட்டுவிட்டு மானத்தை அடித்தார். பிரம்பு நீங்கினால் காரணம் காணும் நோக்கு தானே வந்துவிடும் என எண்ணுவோர்க்கு லங்காஸ்டர் ஓர் எச்சரிக்கை.

தோட்டப்பள்ளியில் உறக்கம்

மலாயாவில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்போடு தோற்றம் பெற்றது. எனினும் தமிழ்ப்பள்ளி என்று இன்று நாம் கூறும் அமைப்பு தோட்டத்தோடு பிறந்தது. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிசெல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப்பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் தோட்டங்களில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. சட்டம் பள்ளியைக் கட்டாயமாக்கியதேயன்றி நல்ல பள்ளியைக் கட்டாயமாக்கவில்லை. கோயில் மண்டபத்திலும், ஆயக்கொட்டகையின் ஓரத்திலும், பயன்படாத லயத்து வீட்டிலும் வகுப்புகள் நடந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பகுதி நேர ஆசிரியரானதும் உண்டு. பேராசிரியர் தி. மாரிமுத்து, தோட்டப்பள்ளி தொழிலாளியின் பிள்ளையை மீண்டும் தொழிலாளியாகவே உருவாக்கும் சமூகக் கருவியாகச் செயற்பட்டதைத் தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார்.

ஓராசிரியர் பள்ளியின் வகுப்பறையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே அறையில் நான்கு வகுப்புகள். ஆசிரியர் ஒரு வகுப்பிற்குக் கணக்குச் சொல்லும்போது ஏனைய மூன்றும் பார்த்து எழுதிக் கொண்டிருக்க வேண்டும். எழுதி முடித்தவன் என்ன செய்வான்? அருகில் இருப்பவனைச் சீண்டுவான். பெல் எழும்பூரில் கண்டறிந்த வேலையில்லா நேரம், இங்கே பள்ளியின் அமைப்பிலேயே இருந்தது. அதனை அடக்க ஆசிரியரிடம் இருந்தது பிரம்பு ஒன்றே. அப்பிரம்பைக் குறை கூறுமுன், நான்கு வகுப்புகளை ஒருவரிடம் ஒப்படைத்தவர்களையும் நினைவுகூர்தல் முறையாகும்.

இக்கட்டுரையாளர் அறுபதுகளின் இறுதியில் பயின்ற தோட்டப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் உறங்குவான். சுவரோரம் அமர்ந்திருப்பான்; பாடம் தொடங்கிச் சிறிது நேரத்தில் தலை சாயும். ஆசிரியர் மேசையில் பிரம்பால் தட்டுவார். விழிப்பான். மீண்டும் சாய்வான். பின்னர் பலகைமேல் நிற்க வேண்டும், நின்றும் உறங்குவான். வகுப்பு முழுதும் சிரிக்கும். இக்கட்டுரையாளரும் சிரித்ததுண்டு. அவன் தாயும் தந்தையும் பால்மரம் வெட்டுபவர்கள். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய்க்கு முன்பே அவன் எழுந்து, கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டு, சிறிது நேரம் மங்கு துடைக்கவும் உதவிவிட்டுப் பள்ளிக்கு வருவான். மரத்தில் கட்டிய கிண்ணத்தைத் துடைத்து வைக்கும் அவ்வேலை சிறுவர்க்கே வாய்த்தது. கைகள் சிறியனவாதலின் விரைவாக நடக்கும் என்பார்கள்.

ஆசிரியருக்கு இவையெல்லாம் தெரியாதா? தெரியும். அவர் குடியிருந்த வீட்டிலிருந்து லயம் இருநூறு அடி தொலைவில் இருந்தது. அவன் தாய் செல்வதையும் அவன் பின்னே ஓடுவதையும் அவர் தினமும் கண்டிருப்பார். அவர் இரக்கமற்றவருமல்லர், தம் மதிய உணவில் பாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். ஆயினும் அவர் அறிந்த செய்தி, வகுப்பறைக்குள் நுழைந்ததும் காரணமாக எண்ணப்படவில்லை. வெளியே அது வறுமை. உள்ளே அது சோம்பல். அறியாமையால் விளைந்த தண்டனையை அறிவு கொண்டு திருத்திவிடலாம். அறிந்திருந்தும் அதனைக் காரணமென்று ஏலாத மனப்பழக்கத்தைத் திருத்துவது அதனினும் கடினம். அம்மாணவன் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

விதிகள் பேசியதும் பேசாததும்

விடுதலைக்குப் பின் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள், வகுப்பறைத் தண்டனையை முதன்முதலாக நாடு தழுவிய வரையறைக்குள் கொண்டு வந்தன. தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்தவரோ மட்டுமே பிரம்படி கொடுக்கலாம். மெல்லிய பிரம்பால் உள்ளங்கையிலோ ஆடைமேல் பின்புறத்திலோதான் அடிக்கலாம். மாணவியரை அடிக்கலாகாது. கோதண்டத்தையும் கண்ணிரண்டை விட்டுவிட்டுத் தோலை உரிக்கும் வழக்கையும் கண்டு வந்த சமூகத்தில் இது பெரிய முன்னேற்றமே, ஐயமில்லை. சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் இதனை ஒத்த விதிகளே உள்ளன. அதிகாரத்தை எவ்வாறு ஒப்படைப்பது என்பது குறித்து மலேசியக் கல்வி அமைச்சு 2003இலும் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது.

எனினும் இவ்விதிகள் யார் அடிக்கலாம், எங்கே அடிக்கலாம், எதனால் அடிக்கலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கூறுவனவே. மாணவன் ஏன் அவ்வாறு நடந்தான் என்பது விதிகளின் எல்லைக்குள் வரவில்லை. விதிகளிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் கட்டொழுங்கு என்றாலே விதிகள்தாம் என்று ஆசிரியர் உலகம் கருதத் தலைப்பட்டபோது, விதிகள் பேசாத வினாவும் நம் பேச்சிலிருந்து மறைந்தது.

காரணத்தை நோக்கிய திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 1973இல் வெளிவந்த இடைநிற்றல் பற்றிய அரசாங்க அறிக்கை, மாணவர் பள்ளியை விட்டு விலகுவதைக் குடும்பத்தின் பொருளாதார நிலையோடு தொடர்புபடுத்தியது. பின்னர் ஏழை மாணவர்க்குக் கூடுதல் உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. காலை உணவின்றி வந்த பிள்ளை பத்து மணிக்கு மேல் எரிச்சலுறுவதையும், உணவு கிடைத்தபின் அமைதியுறுவதையும் கண்டறிய ஆய்வு தேவையில்லை. அக்காலத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவரும் கூறுவர். கட்டொழுங்குத் திட்டம் என்று எவரும் அதற்குப் பெயரிடவில்லை. ஆயினும் நம் பள்ளிகளில் ஒழுங்கிற்கு அத்திட்டம் ஆற்றிய தொண்டு பல பிரம்புகள் ஆற்றியதைவிடப் பெரிது என்று துணிந்து கூறலாம்.

பிற நாடுகளின் போக்கையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். நம் விதிகளுக்கு ஊற்றான இங்கிலாந்தே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளிகளில் பிரம்படியை நீக்கியது. தமிழ்நாடு 2003இல் கல்வி விதிகளைத் திருத்தியது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. லங்காஸ்டரின் கூடை அச்சட்டத்தின்படி குற்றமாகும்.

திரைக்கர்சும் கூனினும்

மாணவர் ஒழுங்கீனத்தின் காரணத்தை ஆசிரியர் கையாளத்தக்க வடிவில் தந்தவர்களுள் முதன்மையானவர் ருடால்ஃப் திரைக்கர்ஸ் (1897–1972). வியன்னாவில் பிறந்து ஆல்ஃபிரட் ஆட்லரின் வழிநின்று, பின்னர் சிகாகோவில் பணியாற்றியவர். மலாயா விடுதலை பெற்ற அதே 1957இல் வகுப்பறை உளவியல் குறித்த அவரது நூல் வெளிவந்தது. குழுவில் தனக்கோர் இடம் வேண்டும் என்பதே ஒவ்வொரு குழந்தையின் அடிப்படை வேட்கை. நேர்வழியில் அவ்விடம் கிட்டாதபோது அது நான்கு தவறான இலக்குகளை நாடுகிறது என்பது அவர் கொள்கை. கவன ஈர்ப்பு, அதிகாரப் போட்டி, பழிவாங்கல், இயலாமையைக் காட்டி ஒதுங்குதல் என்பன அவை.

இவற்றைக் கண்டறிய அவர் கூறும் வழி நமக்குப் பெரிதும் பயன்படும். மாணவனின் செயலை மட்டும் நோக்காமல், அச்செயல் ஆசிரியரின் உள்ளத்தில் எழுப்பும் உணர்வையும் நோக்கச் சொல்கிறார். எரிச்சல் எழுந்தால் அவன் கவனத்தை நாடுகிறான். இவனா நானா பார்த்துவிடலாம் என்று தோன்றினால் அவன் அதிகாரத்திற்குப் போட்டியிடுகிறான். மனம் புண்பட்டால் அவன் பழி வாங்குகிறான். இவனை இனி ஒன்றும் செய்ய இயலாது என்று கைசோர்ந்தால், அவனும் அவ்வாறே தன்னைக் கைவிட்டுவிட்டான் என்பது பொருள். கவனம் நாடுபவனை எல்லோர் முன்னும் கடிந்தால் அவன் வேண்டியதையே கொடுத்தவராவோம். அதிகாரத்திற்குப் போட்டியிடுபவனோடு வகுப்பு நடுவே வாதிட்டால் களத்தை அவனே தேர்ந்தெடுத்தவனாகிறான். பாடம் முடிந்தபின் தனியே அழைத்து, அவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பேசுவது வேறு விளைவைத் தரும். பழிவாங்குபவனுக்குத் தண்டனை, தன் பகைக்கு மேலும் ஒரு சான்று. ஒதுங்கியவனுக்கோ செய்து முடிக்கத்தக்க சிறிய பணி ஒன்று வேண்டும்.

இக்கொள்கையின் எல்லையையும் உணர்தல் நலம். நம் தோட்டப்பள்ளி மாணவன் உறங்கியது இந்நான்கனுள் எதிலும் அடங்காது. கண்பார்வைக் குறையால் கரும்பலகை தெரியாதவனும், செவிக்குறையால் கட்டளையைத் தவறாகக் கேட்டவனும், எழுத்துகளைப் பிரித்தறிய இயலாத வாசிப்பு இடர்ப்பாடு உடையவனும் எந்த இலக்கையும் நாடவில்லை. வாசிக்கத் தெரியாதவன் என்று பெயர் எடுப்பதைவிட அடங்காதவன் என்று பெயர் எடுப்பது மேல் என முடிவு செய்யும் பத்து வயதுச் சிறுவர் நம் வகுப்புகளில் உண்டு. வாசிக்குமாறு அழைக்கும் முறை தன்னை நெருங்கும் வேளையில் அவன் செய்யும் குறும்பு, ஓர் ஆய்வாளனின் கூர்மையோடு காலம் பார்த்துச் செய்யப்படுவது.

மற்றொருவர் ஜேக்கப் கூனின். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பாடம் நடத்துகையில், பின்வரிசையில் செய்தித்தாள் படித்துக் கொண்டிருந்த மாணவனை அவர் கடிந்தார். கடியப்பட்டவனைவிட, ஏனையோர் நிமிர்ந்து அமர்ந்ததே அவர் கவனத்தைக் கவர்ந்தது. ஒருவரைக் கடிவது மற்றவரிடம் எழுப்பும் அலையை ஆராயத் தொடங்கிய அவர், பல்லாண்டு ஆய்வுக்குப்பின் 1970இல் வெளியிட்ட நூலில் எதிர்பாராத முடிவு ஒன்றைக் கூறினார். ஒழுங்கீனம் நிகழ்ந்தபின் கடியும் முறையில், சிறந்த வகுப்பறை ஆசிரியர்க்கும் ஏனையோர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் ஒழுங்கீனம் நிகழுமுன் அவர்கள் செய்வதில் இருந்தது. முதுகிலும் கண் உடையவர்போல வகுப்பு முழுவதையும் அறிந்திருத்தல். ஒரே வேளையில் இரு செயல்களைக் கவனித்தல். பாடத்தைத் தடையின்றி நகர்த்துதல். ஒரு பணியிலிருந்து இன்னொன்றுக்குக் குழப்பமின்றி மாற்றுதல் என்பன அவர் கண்ட திறன்கள். தவற்றைத் தொடங்கியவனை விட்டுவிட்டுப் பின்பற்றியவனைக் கடிவதும், சிறிதாய் இருக்கும்போது காணாது பெரிதானபின் பாய்வதும் ஆசிரியரின் மதிப்பைக் குலைக்கும் என்றார்.

பயிலரங்குகளில் எழும் அவ்வினாவிற்கு, அதாவது என்ன செய்வது என்பதற்கு, கூனினின் ஆய்வு தரும் விடை சற்று ஏமாற்றமளிப்பதே: நீங்கள் கேட்கும் நேரம் காலம் கடந்தது. பெல் எழும்பூரில் உய்த்துணர்ந்ததும், நன்னூல் கழற்குடம் என்று உருவகித்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கன.

சிங்கப்பூரின் நிலை இதனைத் தெளிவாக்கும். 1982இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி மூடப்பட்டபின் அங்குத் தமிழ் ஒரு பாடமாகவே பயிலப்படுகிறது. வெவ்வேறு வகுப்புகளிலிருந்து மாணவர் எழுந்து தமிழ் வகுப்பிற்கு நடந்து வருகின்றனர். நடந்து வரும் வழியில் பேச்சு, சிரிப்பு, சண்டை. முதல் பத்து நிமிடம் அடக்குவதிலேயே கழிகிறது என்று அங்குள்ள ஆசிரிய நண்பர்கள் கூறுவர். குறை மாணவரின் பண்பில் இல்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாறும் வேளை எவர்க்கும் கட்டுக்குலையும் வேளை. மாணவர் நுழையும்போதே கரும்பலகையில் ஒரு சிறு பணி எழுதியிருந்தால் அப்பத்து நிமிடம் பெருமளவு மீளும். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் மாற்றமோ நிமிடக் கணக்கினதன்று. மொழி மாறுகிறது, பள்ளியின் அளவு மாறுகிறது, பெயர் அறிந்து அழைக்கும் ஆசிரியர் இல்லாது போகிறார். அவ்வாண்டில் தொடங்கும் ஒழுங்கீனத்தை இனத்தின் பண்பாகக் கருதிப் பேசுவோர் நம்மவரிடையேயும் உளர். ஆடும் எருமையும் பட்டியலை அவர்கள் ஓர் இனத்திற்கே விரித்துவிடுகின்றனர்.

ஒரு பதிவேடு

எண்பதுகளில் இக்கட்டுரையாளர் ஒரு தமிழ்ப்பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தார். தண்டனைப் பதிவேட்டில் நாள், பெயர், வகுப்பு, குற்றம், அடியின் எண்ணிக்கை என ஐந்து பத்திகள். ஆண்டிறுதியில் பதிவேட்டைத் தணிக்கைக்குத் தயார் செய்கையில், உடன் பணியாற்றிய கணித ஆசிரியை ஒருவர், கணக்குப் பார்க்கும் பழக்கத்தால், ஒரே பெயர் பதினொரு முறை வந்திருப்பதைச் சுட்டினார். பதினொன்றிலும் குற்றம் ஒன்றே: வீட்டுப்பாடம் செய்யவில்லை. பதினொன்றும் இக்கட்டுரையாளரின் கையெழுத்து. அடித்தது பயனளித்திருந்தால் இரண்டாம் முறை எழுத வேண்டியிருந்திருக்காது என்று அவர் இயல்பாகக் கூறினார்.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அம்மாணவனின் வீட்டிற்குச் சென்றோம். தோட்டத்து இயந்திரம் இரவு பத்து மணியோடு மின்சாரத்தை நிறுத்திவிடும். அதுவரை அவன் இரு தங்கைகளுக்கும் சோறாக்கிக் கொடுத்து, பாத்திரம் கழுவி, தாயின் மறுநாள் வேலைக்குரிய வாளிகளைக் கழுவி வைக்க வேண்டியிருந்தது. மெழுகுவத்தி வாங்கிக் கொடுக்கலாம் என்பது முதலில் தோன்றிய யோசனை. மணம் பிடித்து உறங்கிவிடுவான் என்று அவன் தாய் நகைத்தார். தலைமையாசிரியரின் இசைவோடு, பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் வகுப்பறை ஒன்றைத் திறந்து வைத்தோம். அவனோடு மேலும் எழுவர் வந்தனர். அவர்களுள் நால்வரின் பெயர்களும் பதிவேட்டில் இருந்தன.

அவ்வாண்டு அவன் பெயர் பதிவேட்டில் இருமுறை வந்தது. இரண்டும் திடலில் நடந்த சண்டைக்காக. குற்றம் என்னும் பத்திக்கு அருகில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ஆறாவதாக ஒரு பத்தியைக் கணித ஆசிரியை சேர்த்திருந்தார். தலைப்பாக எதுவும் எழுதவில்லை. முதற்சண்டைக்கு நேரே, தங்கையைக் கேலி செய்தான் என்று எழுதியிருந்தார். இரண்டாவதற்கு நேரே வினாக்குறி ஒன்று மட்டும் இருந்தது.